முகமும் பிரமுகரும்

அரபி மொழியில் 'வஜ்ஹ்' என்றால் முகம். அதே வேரிலிருந்து பிறந்த 'வஜீஹ்' என்னும் சொல், மதிப்பும் செல்வாக்கும் உடைய பெருமகனைக் குறிக்கும். தமிழில் நாம் நாள்தோறும் வழங்கும் 'பிரமுகர்' என்ற சொல்லுக்குள்ளும் முகமே இருக்கிறது. 'முக்கியஸ்தர்' என்பதும் அவ்வழியே வடமொழியிலிருந்து வந்து சேர்ந்த சொல்தான். ஒன்றோடொன்று உறவில்லாத மொழிகள், தம்முள் பேசி வைத்துக்கொண்டாற் போல, ஒரே எண்ணத்தைச் சொல்லில் பதித்து வைத்திருக்கின்றன. முகம் என்பது பிறந்த ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆயினும், 'முகமுடையவர்' என்று உலகம் ஏற்றுக்கொள்வது ஒரு சிலரை மட்டுமே.

ஒரு மனிதருடைய முகம் மதிக்கப்பட வேண்டுமாயின், அவர் அதற்கு முன்னால் ஏதேனும் ஒன்றைச் சாதித்துக் காட்டியிருக்க வேண்டுமா? அல்லது மனிதராகப் பிறந்ததே அதற்குப் போதுமா? இவ்வினாவை வெறும் தர்க்கமாக ஆராய்வதைவிட, ஓர் உண்மை நிகழ்ச்சியில் வைத்து ஆராய்வது பயன் தரும். அதற்காக அமெரிக்கப் பெண்மணி ஒருவர் 1927-ஆம் ஆண்டில் தீட்டிய ஓர் உருவச் சித்திரத்தை எடுத்துக்கொள்வோம். உருவம் வரைதல் பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்துகளை வாசகர்கள் அறிவார்கள். அந்த ஆய்வுக்குள் இங்கே நாம் புகவில்லை. ஒரு முகத்தை மதிப்பது எப்படி என்பதே இங்கு நம் கேள்வி.

அந்தப் பெண்மணியின் பெயர் லாரா வீலர் வேரிங். கறுப்பினத்தைச் சேர்ந்தவர். 1887-ஆம் ஆண்டில், கனெடிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்ட் நகரில், கிறித்தவத் திருச்சபைப் போதகர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். கல்வியறிவு மிக்க குடும்பம். ஃபிலடெல்ஃபியாவில் உள்ள பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தில் ஓவியம் பயின்றார். 1914-ஆம் ஆண்டில் பயண உதவித்தொகை பெற்று ஐரோப்பா சென்றார். முதல் உலகப் போர் மூண்டதனால் அப்பயணம் இடையில் முறிந்தது. பின்னர் 1924-ஆம் ஆண்டில் மீண்டும் பாரிஸ் நகரம் சென்று பயின்றார்.

ஆயினும் அவருடைய வாழ்வின் பெரும்பகுதி ஓர் ஆசிரியையின் வாழ்வே. ஃபிலடெல்ஃபியாவுக்கு மேற்கே செய்னி என்னும் சிற்றூரில், கறுப்பின மாணவர்களை ஆசிரியர்களாகப் பயிற்றும் கல்விக்கூடம் ஒன்று இருந்தது. 1837-ஆம் ஆண்டில் தோன்றிய நிறுவனத்தின் வழிவந்தது அது. அங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் ஓவியமும் இசையும் கற்பித்தார். 1948-ஆம் ஆண்டில் அவர் மறையும் வரை செய்னியோடு அவருக்கிருந்த தொடர்பு அறவில்லை.

அந்த ஊரில் வாழ்ந்த ஒரு கறுப்பின மூதாட்டியைத்தான் அவர் 1927-ஆம் ஆண்டில் ஓவியமாகத் தீட்டினார். மூதாட்டியின் பெயர் அன்னா வாஷிங்டன் டெரி. ஓவியத்தின் பெயரும் அதுவே. அவர் அரசியல் தலைவர் அல்லர், பாடகியும் அல்லர், நூல் எழுதியவரும் அல்லர். படத்தில் அவர் கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். எளிய உடை. பின்னணியில் மாளிகையும் இல்லை, திரைச்சீலையும் இல்லை. வயதின் தடங்கள் முகத்தில் மறைக்கப்படவில்லை. அவர் புன்னகை செய்யவில்லை. பார்ப்பவரை மகிழ்விக்க வேண்டும் என்ற கவலை அந்த முகத்தில் இல்லை. தம் சிந்தனையோடு தாம் இருக்கிறார், அவ்வளவே. கறுப்பினத்தாரின் சாதனைகளுக்குப் பரிசளித்து வந்த ஹார்மன் அறக்கட்டளையின் தங்க விருது அவ்வாண்டு ஓவியருக்குக் கிடைத்தது. 1928-ஆம் ஆண்டு நியூயார்க் கண்காட்சியிலும் அவ்வோவியம் வைக்கப்பட்டது.

'இதில் என்ன புதுமை? ஒரு கிழவி கைகட்டி அமர்ந்திருக்கும் படந்தானே?' என்று வாசகர் கேட்கலாம். அந்தக் காலத்து அமெரிக்காவில் ஒரு கறுப்பின மூதாட்டியின் முகம் எங்கெங்கே காணப்பட்டது என்பதை அறிந்தால்தான் இப்படத்தின் பொருள் விளங்கும்.

அன்று அமெரிக்கர்கள் மிக அதிகமாகக் கண்ட கறுப்பினப் பெண்ணின் முகம் ஒரு மாவுப் பெட்டியின் மீது இருந்தது. 'ஆன்ட் ஜெமைமா' என்ற பெயரில் 1889-ஆம் ஆண்டு முதல் பான்கேக் மாவு விற்கப்பட்டு வந்தது. தலையில் துணி கட்டிய, சிரித்த முகமுடைய சமையற்காரி அதன் சின்னம். 'ஆன்ட்' என்றால் அத்தை, மாமி, சித்தி என்று பொருள்படும். நம்மவரிடையே முன்பின் அறியாத பெண்ணை 'மாமி' என்றோ 'பெரியம்மா' என்றோ அழைத்தால் அது உறவு கொண்டாடுவதாகும். அங்கே, தென் மாநிலத்து வெள்ளையரிடையே, அது வேறு வேலை செய்தது. வெள்ளையினப் பெண்ணைத் 'திருமதி இன்னார்' என்று மரியாதையோடு அழைத்தவர்கள், முதிய கறுப்பினப் பெண்ணுக்கு அந்த மரியாதையைத் தர விரும்பாமல் 'ஆன்ட்' என்று சொல்லி, அதன் பின்னே முதற்பெயரை மட்டும் சேர்த்தார்கள். குடும்பப் பெயர் இல்லை. மரியாதை விகுதி இல்லை. சிரிப்பு மட்டும் உண்டு. நூற்றாண்டுக்கும் மேலாக வழங்கிய அந்தச் சின்னத்தைக் கைவிடுவதாக அதன் உரிமையாளர்கள் அறிவித்தது 2020-ஆம் ஆண்டில்தான்.

இன்னொரு நிகழ்ச்சி இதனினும் கூர்மையானது. கறுப்பினத்தாரை நீதிமன்ற விசாரணையின்றிக் கும்பலாகக் கூடிக் கொலை செய்யும் கொடுமை அந்நாளில் அங்கே பரவியிருந்தது. அதனைத் தடுப்பதற்கான சட்ட முன்வரைவு 1922-ஆம் ஆண்டு ஜனவரியில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட் சபையில் தென் மாநில உறுப்பினர்கள் வாக்கெடுப்புக்கு இடங்கொடாமல் காலங்கடத்தினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் அது கைவிடப்பட்டது. அதே செனட் சபை, மூன்று மாதங்களுக்குள், 1923-ஆம் ஆண்டு பிப்ரவரியில், வேறொரு முன்வரைவுக்கு ஒப்புதல் தந்தது. அடிமை நாள்களில் வெள்ளையர் வீட்டுக் குழந்தைகளை வளர்த்த கறுப்பினச் செவிலித்தாயரை 'மேமி' என்பார்கள். விசுவாசமுள்ள அந்தச் செவிலியரின் நினைவாகத் தலைநகர் வாஷிங்டனில் ஒரு சிலை எழுப்ப இடம் தருவதே அந்த முன்வரைவு. கறுப்பின மக்களின் பத்திரிகைகளும் மாதர் சங்கங்களும் அதனைக் கடுமையாக எதிர்த்தன. பிரதிநிதிகள் சபை அதனை எடுத்துக்கொள்ளாமல் விட்டதால், அந்தச் சிலை எழவில்லை.

சிலை வைப்பது பெருமைதானே? அதை ஏன் அந்த மக்கள் எதிர்த்தார்கள்? அங்கேதான் அறத்தின் நுட்பம் இருக்கிறது. அந்தச் சிலை யாருடைய முகத்தையும் காட்ட எண்ணியதன்று. பெயருள்ள எந்தத் தாயையும் அது நினைவுகூரவில்லை. 'எங்களுக்கு உழைத்தாள், எங்கள் குழந்தையைத் தாலாட்டினாள், எதிர்த்துப் பேசவில்லை' என்ற உழைப்பின் பயனைத்தான் அது புகழ எண்ணியது. தன் குழந்தை விற்கப்படுவதைக் கண்டு அழுத தாய்க்கு அதில் இடமில்லை. அவளுடைய மக்களின் உயிரைக் காக்கும் சட்டத்தை மறுத்தவர்கள், அவளுக்குக் கல்லில் நன்றி சொல்ல முன்வந்தார்கள். பயன்பட்டவரைப் புகழ்வது எளிது. அவரை மனிதராக ஏற்பதுதான் கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்நிகழ்ச்சி நடந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், ஒரு கறுப்பின ஆசிரியை ஒரு கறுப்பின மூதாட்டியை அமர வைத்து, சிரிக்கச் சொல்லாமல், கையில் கரண்டியும் குழந்தையும் கொடுக்காமல், முழுப்பெயரோடு தீட்டினார். அப்படத்துக்குக் 'கறுப்பினக் கிழவி' என்று பெயரிட்டிருக்கலாம். 'உழைப்பாளி' என்று பெயரிட்டிருக்கலாம். ஏழைகளைத் தீட்டும் ஓவியர் பலர் அவ்வாறு செய்வதுண்டு. அப்பொழுது அம்முகம் ஒரு கூட்டத்தின் மாதிரியாகிவிடும். அவர் அவ்வாறு செய்யவில்லை. அன்னா, வாஷிங்டன், டெரி என்ற மூன்று சொற்களும் அந்த முகத்தை அதற்குரியவரிடமே சேர்த்துவிட்டன.

இனி, மறுபக்கத்து வாதத்தையும் நேர்மையோடு கேட்க வேண்டும். கறுப்பின மக்களிடையே பேரறிஞராகத் திகழ்ந்தவர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். அவர் ஆசிரியராக இருந்த 'கிரைசிஸ்' இதழுக்கு வேரிங் அட்டைப்படங்கள் வரைந்ததுண்டு. அவ்விதழ் 1926-ஆம் ஆண்டில், கலையில் கறுப்பினத்தாரை எவ்வாறு சித்திரிப்பது என்ற வினாவை எழுப்பி, எழுத்தாளர் பலரிடமிருந்து விடை கேட்டு வெளியிட்டது. கோமாளியாகவும் குற்றவாளியாகவும் வேலைக்காரராகவுமே தம்மைக் காட்டி வந்த உலகத்துக்கு, தம்மிடையே உள்ள கற்றோரையும் சான்றோரையும் காட்ட வேண்டும் என்ற தவிப்பு அந்தத் தலைமுறையிடம் இருந்தது. அது நியாயமான தவிப்பே. இகழப்பட்ட ஒரு சமுதாயம் தன்னுடைய சிறந்தவர்களை முன்நிறுத்துவதை யார் குறை கூற முடியும்?

வேரிங் அம்மையாரே அப்பணியையும் செய்தார். 1944-ஆம் ஆண்டு மே மாதத்தில், கறுப்பின வழிவந்த அமெரிக்கச் சான்றோரின் உருவச் சித்திரக் கண்காட்சி ஒன்று தலைநகரின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் திறக்கப்பட்டது. வேரிங்கும், பெட்ஸி கிரேவ்ஸ் ரெய்னோ என்ற வெள்ளையின ஓவியரும் தீட்டிய படங்கள் அதில் இருந்தன. டு பாய்ஸையும், பாடகி மரியன் ஆண்டர்சனையும் வேரிங் தீட்டினார். பத்தாண்டுக் காலம் அக்கண்காட்சி நாடெங்கும் சுற்றி வந்தது. இன வெறுப்பைக் கரைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். பலர் மனம் மாறியும் இருக்கலாம். அந்த முயற்சியை நாம் போற்றுகிறோம்.

ஆயினும் மரியன் ஆண்டர்சனின் வாழ்க்கையே அம்முயற்சியின் எல்லையைக் காட்டிவிடுகிறது. ஐரோப்பிய அரங்குகள் கொண்டாடிய குரல் அவருடையது. 1939-ஆம் ஆண்டில், தலைநகரின் பெரிய அரங்கம் ஒன்றில் அவர் பாடுவதற்கு அனுமதி மறுக்கப்பட்டது. காரணம் அவருடைய நிறம். அவ்வாண்டு ஏப்ரல் 9-ஆம் நாள், லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று, திறந்த வெளியில், சுமார் 75,000 மக்கள் முன்னிலையில் அவர் பாடினார். இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். 'நாங்களும் மனிதர்களே' என்பதற்குச் சான்று வேண்டுமென்றால், அந்தக் குரலைவிட என்ன சான்று இருக்க முடியும்? அந்தச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டே அவர்கள் கதவை அடைத்தார்கள்.

ஆகவே, சான்று கேட்பவனுக்குச் சான்று ஒருபோதும் போதாது. ஒரு பாடகியைக் காட்டினால், 'அவர் விதிவிலக்கு' என்பான். ஓர் அறிஞரைக் காட்டினால், 'எல்லாரும் அப்படியா?' என்பான். நூறு பேரைக் காட்டினாலும், நூற்றோராவது மனிதர் தெருவில் நடக்கும்போது மீண்டும் தொடக்கத்திலிருந்து கேட்பான். அதைவிட வருந்தத்தக்கது வேறொன்று உண்டு. சான்று காட்டும் முயற்சியில் நாமும் அவனுடைய அளவுகோலையே கையில் எடுத்துக்கொள்கிறோம். 'எங்களிடையேயும் மேலோர் இருக்கிறார்கள். ஆகையால் எங்களை மதியுங்கள்' என்று சொல்லும்போது, மேலோர் ஆகாதவரை மதிக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். அன்னா டெரி அம்மையார் அந்த வாதத்துக்குள் வருவதில்லை. எதையும் மெய்ப்பிக்காமல் அமர்ந்திருக்கிறார். இரண்டு படங்களையும் ஒரே கைதான் தீட்டியது. எனினும், முந்திய படமே ஆழமான உண்மையைப் பேசுகிறது என்பது நம் துணிபு.

'அப்படியானால் முயற்சிக்கும் ஒழுக்கத்துக்கும் மதிப்பே இல்லையா? கற்றவனும் கல்லாதவனும், நல்லவனும் தீயவனும் ஒன்றா?' என்று கேட்கப்படும். இல்லை. பாராட்டு வேறு, மரியாதை வேறு. பாராட்டு என்பது செய்த செயலுக்குரிய கூலி. செய்தவருக்கே அது உரியது. செய்யாதவருக்குத் தந்தால் அநீதி. மரியாதை என்பது ஒவ்வொரு மனிதருக்கும் நாம் பட்டிருக்கும் கடன். கடனைத் தீர்ப்பதற்கு எவரும் தகுதிச் சான்றிதழ் கேட்பதில்லை. பெயரைச் சொல்லி அழைப்பது, பேசும்போது முகத்தைப் பார்ப்பது, சொல்வதைச் செவிமடுத்துக் கேட்பது ஆகியவை அக்கடனின் சிறு தவணைகள். மரியன் ஆண்டர்சனுக்குப் பாராட்டு உரியது. அவருக்கும் அன்னா டெரிக்கும் மரியாதை ஒரே அளவில் உரியது. இவ்விரண்டையும் கலந்துவிடுவதால்தான், பாராட்டத் தக்க செயல் இல்லாதவரிடம் மரியாதையையும் மறுத்துவிடுகிறோம்.

இன்னொரு தடையும் எழும். படத்தால் விருது பெற்றவர் ஓவியர். அமர்ந்திருந்த மூதாட்டிக்கு என்ன கிடைத்தது? இது புறக்கணிக்கத் தக்க கேள்வியன்று. ஏழையின் முகத்தைக் கொண்டு பிறர் புகழ் சேர்ப்பது நம் காலத்திலும் நடக்கிறது. பசித்த குழந்தையின் படத்தை அட்டையில் போட்டு இதழ் விற்பதும், தானம் வாங்குபவரை வரிசையில் நிறுத்திப் புகைப்படம் எடுப்பதும் நாம் அறியாதவை அல்ல. அங்கெல்லாம் முகம் இருக்கும்; பெயர் இராது. இருந்தாலும் கொடுத்தவரின் பெயரே இருக்கும். வேரிங் அம்மையாரின் ஓவியம் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து முற்றும் தப்பிவிட்டது என்று நாம் வாதாடவில்லை. ஆனால் ஒன்று சொல்லலாம்: அவர் அம்முகத்தை எதற்காகவும் கெஞ்ச வைக்கவில்லை. இரக்கத்தைத் தூண்டுவதற்குக் கண்ணீர் சேர்க்கவில்லை. விருதில் பங்கு கொடுத்தாரோ இல்லையோ, பெயரில் பங்கு கேட்கவில்லை. படத்தின் பெயர் இன்றும் அந்த மூதாட்டிக்கே உரியது.

பிறருடைய நாட்டைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போய்விடுவது நேர்மையாகாது. வேரிங் அம்மையார் ஆசிரியை. நாமும் கற்பித்தே வாழ்ந்தவர்கள். ஆகையால் நம் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். நாம் பணியாற்றிய ஒரு மதரஸாவில், மாணவர்களுக்காக நாள்தோறும் கிணற்றில் தண்ணீர் இறைத்துத் தொட்டியை நிரப்பிய ஒரு பெண்மணி இருந்தார். நாம் அங்கே சேர்வதற்கு முன்பிருந்தே அவர் இருந்தார். எல்லாரும் அவரைத் 'தண்ணியம்மா' என்று அழைத்தார்கள். நாமும் அப்படியே அழைத்தோம். அவர் இறந்த அன்று, மௌத்து அறிவிப்புச் செய்ய வேண்டியவர் நம்மிடம் வந்து, 'உஸ்தாது, அந்த அம்மாவின் பெயர் என்ன?' என்று கேட்டார். நமக்குத் தெரியவில்லை. அறையில் இருந்த மற்ற ஆசிரியர்களுக்கும் தெரியவில்லை. சொல்லிலக்கணத்தில் ஒரு பெயர்ச்சொல்லின் வேரையும் வாய்பாட்டையும் மணிக்கணக்கில் ஆராய்ந்தவர்கள் நாம். முற்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடமாடிய ஒரு மனிதருடைய பெயரைக் கேட்டு வைத்திருக்கவில்லை. 'மதரஸாவுக்குத் தண்ணீர் இறைக்கும் அம்மா' என்றே அறிவிப்புச் செய்யப்பட்டது. வாயிற்சுவரில் இருந்த சலவைக்கல்லில், கட்டடத்துக்குப் பொருள் கொடுத்தவர்களின் பெயர்கள் தந்தை பெயரோடும் ஊர்ப் பெயரோடும் பொறிக்கப்பட்டிருந்தன.

நாம் அவரை இகழவில்லை. பெருநாளைக்குத் துணி கொடுத்தோம், நோயுற்றால் உதவினோம், 'நல்ல அம்மா, ஒரு நாளும் முகம் சுளிக்க மாட்டார்' என்று புகழ்ந்தும் இருக்கிறோம். இப்பொழுது எண்ணிப் பார்த்தால், அந்த 'மேமி' சிலையை எழுப்ப விரும்பியவர்கள் சொன்ன புகழுரைக்கும் நாம் சொன்னதற்கும் இடையே நாம் விரும்பும் அளவுக்குத் தூரம் இல்லை. நாம் புகழ்ந்தது அவரால் நமக்குக் கிடைத்த தண்ணீரை. அவருடைய முகம் நம் நினைவில் தெளிவாக இல்லை. தோளில் இருந்த கயிறுதான் நினைவில் இருக்கிறது.

மக்தபிலும் மதரஸாவிலும் பிள்ளைகளுக்கு 'ஸூரத்', 'ஸீரத்' என்ற இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பதுண்டு. ஒன்று தோற்றம்; மற்றொன்று வாழ்க்கை நெறி. தோற்றத்தைப் பார்த்து ஏமாறாதே, நடத்தையைப் பார் என்பது அதன் கருத்து. நல்ல கருத்தே. ஆனால் அதையே பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்ப்பதே வேண்டாத வேலை என்று நாம் இருந்துவிட்டோமோ என்று இப்பொழுது தோன்றுகிறது. ஒருவரின் வாழ்க்கையை அறிய வேண்டுமானால், முதலில் அவருடைய முகத்தை நின்று பார்க்க வேண்டும். அவருடைய பெயரைக் கேட்க வேண்டும். செய்னியின் ஆசிரியை செய்தது அதைத்தான். ஒரு மூதாட்டியைப் பல மணி நேரம் உற்றுப் பார்ப்பதற்கு அவர் தம் வாழ்நாளில் இடம் ஒதுக்கினார். தூரிகை நம் கையில் இல்லாமற்போனாலும், பார்ப்பதற்குக் கண்ணும் பெயர் கேட்பதற்கு நாவும் நம்மிடம் இருக்கின்றன.

அன்னா வாஷிங்டன் டெரியின் ஓவியம் இன்று வாஷிங்டன் மாநகரில், ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலைக்கூடத்தின் உடைமையாக இருக்கிறது. பெயரற்ற செவிலிக்குச் சிலை வைக்கத் துடித்த அதே நகரம்! சிலை எழவில்லை, பெயருள்ள முகம் வந்து சேர்ந்துவிட்டது.

இதைப் படித்து முடித்த வாசகர் ஒன்று செய்ய வேண்டுகிறோம். உங்கள் வீட்டுக்கும், உங்கள் பள்ளிவாசலுக்கும், உங்கள் கடைக்கும் நாள்தோறும் வந்து வேலை செய்துவிட்டுப் போகிறவர்களை ஒரு முறை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அவர்களில் எத்தனை பேரின் முழுப்பெயர் உங்களுக்குத் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். தெரியாதவர்களிடம் நாளைக் காலையிலேயே கேட்டுவிடுங்கள். நாம் கேட்கத் தவறினோம். அறிவிப்புச் செய்பவர் வந்து கேட்ட பிறகு, கேட்பதற்கு ஆள் இல்லை.